பெரியவளின் ஜெபக் குறிப்பு

அத்தியாயம் 14

அந்த மாத்திரை அட்டை இன்னும் பெரியவளின் கைப்பையில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, துவைக்கப் போட்ட துணிகளை உதறும்போது சின்னவளின் நைட்டிப் பையிலிருந்து விழுந்ததே, அதே அட்டைதான். பாதி தீர்ந்திருந்தது. வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் தலைவலி மாத்திரை என்று மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பெரியவள் கையில் கிடைத்ததுதான் வினை. வருஷக்கணக்காக மருந்துக்கடையில் நிற்பவள். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பாமலே இது மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். சின்னவளின் கணவனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் போனில்தான் குடித்தனம். போன வருஷம் சின்னவளுக்கு வயிற்றில் தங்கிய பிள்ளை தங்காமல் போனது. அதற்குப் பிறகு அவள் முன்பைவிட அதிகமாகச் சிரித்தாள், அதிகமாகப் பாடினாள். தேறிவிட்டாள் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போதகர் ஆராதனையில் அறிவித்திருந்தார். இனிமேல் சபையின் பாடகர் குழுவை நடத்தப் போவது சின்னவள். அதுவரை நடத்தி வந்தவள் பெரியவள்தான். தொண்டையில் கட்டி எடுத்த பிறகு அவள் குரல் தேய்ந்துபோய், பேசுவதற்கு மட்டும் மிச்சமிருந்தது. போதகர் சொன்னதும் சபையார் கை தட்டினார்கள். பெரியவளும் தட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள்.

மதியம் அந்த அட்டை கிடைத்தது.

எடுத்ததை உடனே கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளத்தான் செய்தாள். கேட்கும்போதெல்லாம் பதிலும் தயாராக இருந்தது. ‘கொடுத்தால் கூச்சப்படுவாள். முதலில் ஜெபிக்கலாம். பிறகு கொடுக்கலாம்.’ இப்படியே புதன்கிழமை வந்துவிட்டது.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். இந்த வாரம் இவர்கள் வீட்டில்.

காலையில் சமையலறையில் டீக்கோப்பைகளைக் கழுவித் துடைத்தபடி பெரியவள் தன் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் மனபாரத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு ஜெபக் குறிப்பு என்று பேர். மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். நல்ல வழக்கம்தான். அழுதவர்கள் தேறியிருக்கிறார்கள். ஆனால் காலையில் அங்கே சொன்னது சாயங்காலத்துக்குள் கைகூப்பிய படத்தோடு ஊர் முழுக்க எல்லார் போனிலும் வந்துவிடும்.

பெரியவளின் வாக்கியம் இதுதான்: “எங்க வீட்ல ஒரு பிள்ளைக்காக ரொம்ப பாரமா இருக்கு. பேர் சொல்ல விரும்பல. மனசுக்கு மாத்திரை சாப்பிடுற நிலைமை. பெரிய ஊழியப் பொறுப்பு வந்திருக்கிற நேரம். ஆண்டவர் தொடணும்.”

பேர் சொல்ல விரும்பவில்லையாம். அந்த வீட்டில் இருப்பதே மூன்று பெண்கள். ஒருத்தி அவள், ஒருத்தி மாமியார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வரும். பிசாசு பயமுறுத்திக்கொண்டு வந்தால் பெரியவள் விரட்டியிருப்பாள். வருஷக்கணக்காக ஜெபிக்கிறவள், பயந்தவள் இல்லை. அவன் ஜெபத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டான். அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

முழுக்கத் தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது.

“என்ன, தனியா பேசிக்கிட்டு இருக்கே?” என்றபடி கணவர் சாப்பாட்டுப் பையை எடுக்க வந்தார். அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவர். மை போகாத விரல்கள்.

“ஜெபக் குறிப்புங்க.”

“ஆண்டவருக்கு ஒத்திகை பார்த்துத்தான் சொல்லணுமா?” என்று சிரித்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக நின்றார். “டீச்சர் வீட்டுக்காரர் நேத்து அச்சகத்துக்கு வந்திருந்தார். உங்க வீட்ல சின்னவங்களுக்கு என்ன பிரச்சினைன்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் தெரியலையேன்னேன். நீ ஏதாவது சொன்னியா?”

“பொதுவா ஜெபம் பண்ணச் சொன்னேன்.”

“பொதுவான்னா?”

“உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகல?”

அவர் போய்விட்டார்.

நேற்று டீச்சர் சர்க்கரை மாத்திரை வாங்கக் கடைக்கு வந்திருந்தார். ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர், ரிட்டயர் ஆன பிறகும் டீச்சர்தான். பெரியவள் கவுண்டரில் குனிந்து குரலைத் தாழ்த்தி, “சின்னவளுக்காக ஜெபம் பண்ணுங்க டீச்சர். காரணத்தை நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லி வைத்தாள்.

அதைச் சொன்னவள் யார்? யாருக்கு எந்த மாத்திரை என்று பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாதபடி கவரில் போட்டு, மடித்து நீட்டுகிறவள். மாத்திரையின் பேரைச் சத்தமாகச் சொன்னதற்காக ஒரு தடவை கடைப் பெண்ணைக் கண்டபடி திட்டியவள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டுப் பெண்ணின் ரகசியத்தை அதே கவுண்டரில் வைத்து அவிழ்க்கப் பார்த்தாள்.

“அக்கா, டீ இருக்கா?”

சின்னவள் சமையலறை வாசலில் நிலையைப் பிடித்தபடி நின்றாள். வேலை பார்க்கிற பள்ளிக்கு லீவு சொல்லியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. உதட்டுக்கு மேலே வியர்வை. கோப்பையை வாங்கும்போது கை நடுங்கி டீ தட்டில் கொட்டியது.

“ஐயோ, சாரிக்கா.”

“தூங்கலையா?”

“தூங்கினேன். என்னமோ கனவா வருது. தலையைத் திருப்பினா மண்டைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்ங்குது. வாந்தி வர்ற மாதிரியே இருக்கு.”

ஹாலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். “கண்ணு பட்டிருக்கும்டி! ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் பார்த்தாங்க!” மறுகணமே, “ஆண்டவரே மன்னியும், நமக்குக் கண்ணும் கிடையாது மூக்கும் கிடையாது” என்று தானே சேர்த்துக்கொண்டார்.

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகப் போனது. எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியாத மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெரியவள் கையில் துடைக்கிற துணியோடு நின்றாள்.

மண்டைக்குள் கரண்ட். கை நடுக்கம். வாந்தி. காரணமில்லாத அழுகை. இதைப் புரிந்துகொள்ள அவளுக்குப் புத்தகம் வேண்டாம். இந்த மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவளே சொல்கிற எச்சரிக்கை அது. “நல்லாயிடுச்சுன்னு நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. உடம்பு தாங்காது.”

சின்னவள் நிறுத்தவில்லை. நிறுத்தியது பெரியவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு மாத்திரை இல்லை. டாக்டர் சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் கொடுக்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற கடையில் அக்காவே நிற்கிறாள். யாரிடம் போய்க் கேட்பாள்?

‘கொடுத்துவிடு. இப்பவே.’ கைப்பை அலமாரிக் கொக்கியில்தான் தொங்கியது. இரண்டு எட்டு வைத்தால் எட்டிவிடும்.

அப்போதுதான் அந்தக் குரல் பேசியது. பெரியவளுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் அவளுக்கு இருந்த குரல். சபையே கண்ணை மூடிக் கேட்ட அந்தக் குரலிலேயே, அன்பாக, நிதானமாக உள்ளே பேசியது.

‘நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். வாக்கியம்கூட வேண்டாம். பேசாமல் இரு. பதினோரு மணிக்கு எல்லாரும் வருவார்கள். அவள் பாட எழுந்திருப்பாள். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள். உன் வாயில் ஒரு சொல்லும் இருக்காது. பாட்டுக் குழு என்ன, எல்லாம் தானாக உன்னிடம் திரும்பும்.’

பெரியவள் கையிலிருந்த துணியை மேடையில் போட்டாள். பொறாமை இருப்பது தெரியும். பொறாமைக்கு அவள் பாரம் என்று பேர் வைத்திருந்தாள். ஆனால் இது பொறாமை மட்டும் இல்லை. ஒரு பெண் விழுவதைப் பார்க்க ஆசைப்படுகிற இது எங்கிருந்து வந்தது? இது என்னுடையதா? இதற்கு நான் எப்போது கதவைத் திறந்தேன்?

கையை நீட்டினாள். கைப்பையைத் தொடுவதற்குள் வாசலில் மணி அடித்தது.

டீச்சர் எப்போதும் நேரத்துக்கு முன்பே வருகிறவர்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் ஹால் நிறைந்துவிட்டது. நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்தார்கள். பெரியவள் செருப்புகளை ஒதுக்கினாள், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினாள், தண்ணீர் கொடுத்தாள். கைப்பையின் பக்கம் போகச் சமயம் வாய்க்கவில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். வாய்த்தது. இரண்டு தடவை சமையலறையில் தனியாகத்தான் இருந்தாள். பையைப் பார்த்தாள், எடுக்கவில்லை. இதை மறைத்துக் கதை சொல்வதில் அர்த்தமில்லை.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவளிடம் சாய்ந்தார். “நேத்து ராத்திரி பூரா அவளுக்காகத்தான் ஜெபிச்சேன். இன்னிக்குச் சொல்லிடு. மனசுல வச்சுக்காதே.”

“சரி டீச்சர்.”

“பாட்டை ஆரம்பிம்மா” என்றார் டீச்சர் சின்னவளிடம்.

சின்னவள் எழுந்து நின்றாள். முதல் இரண்டு வரியும் சுத்தமாக வந்தன. மாமியார் கண்ணை மூடித் தலையாட்டினார். மூன்றாவது வரியில் சுருதி தவறியது. சின்னவள் நிறுத்தி, மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் தவறியது. அவள் திரும்பிப் பெரியவளைப் பார்த்தாள்.

பாட்டு பிசகும்போதெல்லாம் அவள் பார்க்கிற பார்வைதான் அது. கல்யாணமாகி வந்த புதிதில், சுரம்கூடப் பிடிக்கத் தெரியாமல் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்றபோது இப்படித்தான் பார்ப்பாள். பெரியவள் லேசாக முனகிச் சுருதி கொடுப்பாள். அவள் பிடித்துக்கொள்வாள். இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்குப் பார்க்கத் தோன்றியது அக்காவைத்தான்.

பெரியவளின் தொண்டை அசையவில்லை.

சின்னவள் கண்ணை இறுக்கி மூடினாள். நின்ற இடத்திலேயே தள்ளாடி, நாற்காலியைப் பிடிக்கப் போய், நாற்காலியோடு சரிந்தாள். இரண்டு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அவள் உடம்பு உதறியது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே விம்மி விம்மி அழுதாள்.

“பாட்டு வாயில வந்ததும் தள்ளுது பாருங்க” என்றார் தையல்காரம்மா. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தவர், எழுந்து முன்னால் வந்தார். “இது சத்துருவோட போராட்டம். புதுப் பொறுப்பு வந்ததும் ஆரம்பிச்சிருக்கு. பிள்ளையை நடுவுல உட்கார வைங்க. பிசாசோட கட்டு இருக்கு. அவிழ்த்தாகணும்.”

அவர் கெட்டவர் இல்லை. நம்பிக்கையோடுதான் சொன்னார். மற்றவர்களும் அப்படித்தான் சுற்றி நின்றார்கள். சின்னவளின் தலைமேல் நாலைந்து கைகள் அமர்ந்தன. ஒருவர் தோளை அழுத்தினார். தையல்காரம்மா குரலை உயர்த்தி, “விட்டுப் போ! இந்தப் பிள்ளையை விட்டுப் போ!” என்று அதட்ட ஆரம்பித்தார்.

சின்னவள் கைகளுக்கு இடையிலிருந்து முகத்தைத் தூக்கினாள். அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பெரியவள் பார்த்தாள். யாரோ தன்னைப் பார்த்து ‘போ’ என்று சொல்கிறார்கள், எங்கே போவது என்று தெரியவில்லை என்கிற மாதிரி ஒரு பயம்.

“பெரியவளே” என்றார் டீச்சர். “நீ சொல்ல வந்தது இதுதானே? என்னன்னு சொல்லு. தெரிஞ்சா நாங்க குறிப்பா ஜெபிக்கலாம்.”

எல்லாத் தலைகளும் பெரியவள் பக்கம் திரும்பின.

அவ்வளவு சுலபமாக யாருக்கும் எதுவும் கிடைத்திருக்காது. கேட்கிறார்கள். பதில் சொன்னால் போதும். ‘சொல்லு’ என்றது அந்த நல்ல குரல். ‘அவள் நன்மைக்குத்தானே.’

பெரியவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். அழகான ஜெபமெல்லாம் மறந்து போயிற்று. ‘ஆண்டவரே, விழறேன். பிடிச்சுக்கோங்க’ என்று மட்டும் உள்ளே வந்தது. பதிலுக்கு வெளிச்சமோ சத்தமோ ஒன்றும் வரவில்லை. கால்கள் எழுந்து நின்றன. அவ்வளவுதான் கிடைத்தது. அது போதுமாக இருந்தது.

அவள் வட்டத்துக்குள் நுழைந்து கைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

“கொஞ்சம் விடுங்கம்மா. அவளுக்குக் காத்து வேணும்.”

“ஜெபம் நடக்கும்போது இடையில...”

“சொல்றேன். முதல்ல அவ படுக்கட்டும்.”

சின்னவளைத் தூக்கி நிறுத்தி, போகிற வழியில் கொக்கியிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு, படுக்கையறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார வைத்தாள். பையைத் திறந்து அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிய நேரம் பிடித்தது.

“இது எங்க இருந்துச்சு?”

“என்கிட்ட.”

“நீங்களா எடுத்தீங்க?” அடைத்த மூக்கும் அழுகையுமாக அவள் கத்திவிட்டாள். “நீங்களா எடுத்தீங்க?”

“ஆமா.”

“நான் வீடு பூரா தேடினேன் அக்கா. தலையணை உறையைக்கூடப் பிரிச்சுப் பார்த்தேன். எங்கேயோ வச்சிட்டு மறந்துட்டேன்னு நினைச்சேன். ஒரு அட்டையைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, எனக்குப் புத்தி கலங்க ஆரம்பிச்சிடுச்சுன்னு...” அவளால் முடிக்க முடியவில்லை. “டாக்டரும் ஊர்ல இல்ல. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்.”

இதைப் பெரியவள் நினைத்தே பார்க்கவில்லை. மாத்திரையை மட்டும்தான் எடுத்தோம் என்று நினைத்திருந்தாள். அந்தப் பெண் தன் புத்தியையே சந்தேகப்படும்படி செய்துவிட்டாள். கடையில் நின்று அத்தனை பேருக்கு எச்சரிக்கை சொல்கிறவள் செய்த காரியம் இது.

“உனக்குப் புத்தி நல்லா இருக்கு” என்றாள். தேய்ந்த குரல் இன்னும் தேய்ந்து வந்தது. “நீ எதையும் தொலைக்கல. கெட்ட புத்தி எனக்குத்தான் வந்துச்சு. இப்பவே ஒண்ணு போடு. தண்ணி இந்தா. நாளைக்குள்ள இந்தச் சுரீர் எல்லாம் நின்னுடும். நிக்கலைன்னா நானே உன்னை வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

சின்னவள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீர்க் குவளை பல்லில் இடித்தது.

“யார்கிட்ட சொன்னீங்க?”

“சொல்லல. சொல்லத்தான் இருந்தேன்.”

“எதுக்கு?”

“பாட்டுக் குழுவுக்கு.”

சின்னவள் குவளையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “போங்க அக்கா” என்றாள்.

பெரியவள் ஹாலுக்கு வந்தாள். ஒருவரும் டீயைத் தொட்டிருக்கவில்லை.

“பிள்ளைக்கு எப்படி இருக்கு?” என்றார் டீச்சர்.

“படுத்திருக்கா. தலைசுத்தல். சரியாயிடும்.”

“இது வெறும் தலைசுத்தல் இல்லம்மா” என்று தையல்காரம்மா ஆரம்பித்தார்.

“தலைசுத்தல்தாம்மா. மருந்துக்கடைக்காரி சொல்றேன், கேளுங்க. அவளை எதுவும் பிடிச்சிருக்கல. பிடிச்சிருந்தது என்னைத்தான்.” அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயந்தாள். “டீச்சர், என் ஜெபக் குறிப்பு எனக்காகத்தான். பாட்டுக் குழுவை அவகிட்ட கொடுத்ததுல இருந்து எனக்கு அவளைக் கண்டா ஆகல. வெளியில சிரிக்கிறேன், உள்ள எரியுது. நேத்து கடையில உங்ககிட்ட சொன்னது பாரத்துல இல்ல. அவ பேரைக் கெடுக்கத்தான். அவ விழணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். இப்போ விழுந்தப்பகூட முதல்ல எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. எனக்காக ஜெபம் பண்ணுங்க.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஜெபக் குறிப்பென்றால் உடம்புக்கு முடியாதது, பிள்ளைக்கு வேலை, மழை என்று கேட்டுப் பழகியவர்கள்.

மாமியார்தான் பேசினார். மெதுவாகக் கேட்டார்.

“சின்னவ உள்ள ‘நீங்களா எடுத்தீங்க’ன்னு கத்தினாளே. எதை எடுத்தே?”

பெரியவள் இதை எதிர்பார்க்கவில்லை.

“எடுத்தேன் அத்தை. தப்புதான். திருப்பிக் கொடுத்துட்டேன்.”

“எதைன்னு கேட்டேன்.”

ஒரு சொல்தான். மாத்திரை என்று சொன்னால் தீர்ந்தது. அந்தக் குரல் போய்விட்டதென்று நினைத்திருந்தாள். போகவில்லை. முன்பைவிட அன்பாகப் பேசியது. ‘நீதான் மனம் திருந்திவிட்டாயே. இப்போது உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு? உன் பேரையாவது காப்பாற்றிக்கொள்.’

“அது அவளோடது அத்தை. நான் எடுத்தேன்கிறதை மட்டும்தான் நான் சொல்லலாம்.”

“அவளுக்கு நான் போட்ட சங்கிலியா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்து வளையலா என்று வரும். பணமா என்று வரும். ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது அந்த அட்டைதான். பெரியவள் வாயை மூடிக்கொண்டாள்.

“உன்னைத்தான் கேக்கறேன். சங்கிலியா?”

பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாயில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். கை தானாகப் போயிருக்கும். ஆனால் பெரியவள் பார்த்துவிட்டாள்.

மாமியார் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். தன் அறைக்குள் போனார். பீரோவில் சாவி திரும்புகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தப் பீரோ பூட்டப்பட்டதே கிடையாது.

டீச்சர் ஏதோ சுருக்கமாக ஜெபித்து முடித்தார். பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். தையல்காரம்மா மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, பெரியவளின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

பெரியவள் ஆறிப்போன டீயையெல்லாம் தொட்டியில் கொட்டினாள். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. அவமானம்தான் இருந்தது. ஆனால் உள்ளே பேசிக்கொண்டிருந்த குரல் ஓய்ந்திருந்தது. அதை அவள் கோப்பை கழுவும்போதுதான் கவனித்தாள். நன்றி சொல்லலாமா என்று யோசித்தாள். அழுகைதான் வந்தது.

போன் அடித்தது. கணவர்.

“டீச்சர் வீட்டுக்காரர் போன் பண்ணினார். சங்கிலி அது இதுன்னு என்னமோ சொல்றார். என்ன நடக்குது அங்க?”

“நேர்ல வாங்க, பேசலாம்.”

“நீ எடுத்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“சின்னவளோட பொருளை எடுத்தேன்ங்க.”

மறுபக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லைன் துண்டிக்கப்பட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சின்னவள் நிற்கிறாள். முகம் கழுவியிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஹாலில் நடந்ததையும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள். அது முகத்திலேயே தெரிந்தது.

“நான் அத்தைகிட்ட சொல்லிடறேன்” என்றாள். “மாத்திரைன்னு.”

“வேண்டாம்.”

“சொல்லலைன்னா உங்களைத் திருடின்னு நினைப்பாங்க. நாளைக்கு ஊரே நினைக்கும்.”

“உனக்கு எப்போ சொல்லலாம்னு தோணுதோ அப்போ சொல்லு. உனக்காகச் சொல்லு. என்னைக் காப்பாத்துறதுக்காகச் சொல்லாதே.”

“அதுவரைக்கும்?”

“நினைக்கட்டும்” என்றாள் பெரியவள். “நான் எடுத்தது உண்மைதானே.”

மன்னித்தேன் என்று சின்னவள் சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சமையலறைச் சுவரில் சாய்ந்து, ஒரு கையால் தலையைப் பிடித்தபடி பெரியவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாமியாரின் அறைக் கதவு திறந்தது. கையில் சாவிக்கொத்தோடு அவர் சமையலறையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.